எந்த ஊர்ப் பிள்ளைக்கு?

போன கிழமை சுகந்தி தொலைபேசியில் கூப்பிட்டு, சுகம் கூட விசாரிக்காமல் கொட்டத் தொடங்கினாள். நான் ஓய்வுபெற முன்னர் இரத்த வங்கியில் எனக்குக் கீழே வேலை பழகியவள். இன்றைக்கு அங்கே பொறுப்புத் தாதி. அவளுடைய கைத்தொலைபேசியில் இரத்ததானக் குழு ஒன்று இருக்கிறதாம். போன மாதம் பக்கத்துச் சந்தியில் பஸ் விபத்து நடந்தபோது ஒரு செய்தி போட்டாளாம். போட்ட கையோடு சனம் வாசலை அடைத்துவிட்டது. இந்த மாதம் எங்கோ தூர மாவட்டத்தில் மண்சரிவு. அங்கே அனுப்ப இரத்தம் வேண்டுமென்று அதே குழுவில் போட்டால், கைகூப்புகிற படமும் அழுகிற முகமும்தான் வந்து குவிந்தனவாம்.

"சனத்துக்கு மனச்சாட்சி செத்துப்போச்சு மிஸ்ஸி. உங்கடை காலத்திலை உப்பிடியோ இருந்தது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கடை காலத்திலை அழுகிற முகம் அனுப்ப வசதியில்லை பிள்ளை. அதாலை அதுகூட வராது" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ. எனக்கொரு மறுமொழி சொல்லுங்கோ."

தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவேன், அடுப்பில் கறி கருகும். அதனால் எழுதுகிறேன். எனக்கு எந்தக் கதையையும் நிதானமாகச் சொல்லி வராது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மானிப்பாய்க்காரி. மிஷன் பாடசாலைப் படிப்பு, தாதிப் பயிற்சி, பிறகு மகப்பேற்று விடுதி. எண்பத்து மூன்று கலவரத்தில் அடிபட்ட சனம் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய நாட்களில் என்னை யாழ்ப்பாணத்தில் ஓர் இரத்த வங்கிக்கு மாற்றினார்கள். போன முதல் நாளே எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒருவருடைய கையிலிருந்து இறங்குவது இன்னொருவருடைய கைக்கு ஏறுகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. இதைவிட அதிசயமான வேலை உலகத்தில் உண்டா!

எங்கள் டொக்டர் ஒல்லியான மனிதர். சத்தம் போட்டே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். நாங்கள் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இரத்தக் குறூப் பார்க்க வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்று இருந்தது, அதை யாரையும் கழுவ விடமாட்டார். தானே கழுவி, தானே துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். யாராவது உள்ளே ஓடிவந்து "டொக்டர், கொக்குவில்லிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை" என்று தொடங்கினால், "குறூப்பைச் சொல்லும், ஊரைச் சொல்லாதையும்" என்பார். ஊரைக் கேட்டால் கை அவசரப்படும், அவசரப்பட்ட கை பிழை விடும் என்பது அவருடைய கணக்கு.

ஒரு நாள் அந்தக் கணக்கு அவருக்கே பிழைத்தது. செல், அதுதான் பீரங்கிக் குண்டு, விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலை நேரம். டொக்டர் ஓட்டின் மேல் துளிகளைக் கலந்துகொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், "டொக்டர், உங்கடை ரோட்டிலை விழுந்திட்டுதாம்" என்று சொல்லிவிட்டார். டொக்டர் ஓட்டைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளி, "நீர் பாரும். எனக்கு எழுத்து ஓடேல்லை" என்றார். அதில் எழுத்தே இல்லை, இரண்டு துளி இரத்தம்தான் இருந்தது. நான் பார்த்துச் சொன்னேன். மத்தியானம் தகவல் வந்தது, அவருடைய வீட்டு மதிலில் ஒரு மூலை மட்டும்தான் போயிருந்தது. அவர் கதிரையில் இருந்து தன்னைத்தானே நினைத்துச் சிரித்தார். "மதில் எண்டு தெரிஞ்சாப் பிறகும் கை நடுங்குது பாரும்" என்று கையை நீட்டிக் காட்டினார். எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனிதரில் பாசம் வந்தது.

தொண்ணூறில் போர் திரும்ப மூண்ட பிறகு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்ப்பெட்டி ஒன்று, அதுவும் அடிக்கடி முரண்டு பிடிக்கும். இரத்தத்தைச் சேர்த்து வைக்க வழியில்லாததால் வேண்டிய நேரத்தில் சனத்தைப் பிடித்து வர வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் தம்பிராசா அண்ணை.

தம்பிராசா அண்ணை ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். ஒரு பழைய ஒஸ்ரின் கார், மேலே புனல் மாதிரி ஒரு ஸ்பீக்கர். கோவில் திருவிழாவும் மரண அறிவித்தலும்தான் அவருடைய தொழில். எங்களுக்குக் கூலி வாங்காமல் ஓடினார். ஆனால் மைக்கைப் பிடித்தால் அவருக்கு வருகிறது மரண அறிவித்தல் பாஷை ஒன்றுதான். முதன்முதல் எங்களுக்காக அறிவிக்கப் போனபோது, "மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் சின்னத்துரை அவர்கள்" என்று இழுத்து இழுத்துத் தொடங்கியிருக்கிறார். "இரத்தம் தேவைப்படுகிறது" என்பது கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் யார் நின்று கேட்டது! சொந்தக்காரர்கள் தலையிலடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து விழுந்தார்கள். மாஸ்ரர் கட்டிலில் இருந்து தேத்தண்ணீரில் பணிஸ் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டொக்டர் வெளியே வந்து தன் மெல்லிய குரலில், "அழுத ஆக்களெல்லாரும் லைனிலை நில்லுங்கோ" என்றார். அன்றைக்கு எங்களுக்கு வேண்டியதைவிட அதிகம் கிடைத்தது.

தம்பிராசா அண்ணையின் அந்தப் பாஷை வேலை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சனம் ஒருவரைக் கண்டவுடன் கேட்பது இரண்டே கேள்வி. எந்த ஊர்? ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை? மறுமொழி கிடைத்துவிட்டால் எங்கேயாவது ஒரு சித்தப்பாவையோ வகுப்புத் தோழனையோ பிடித்து இழுத்து, முன்பின் தெரியாதவரையும் சொந்தமாக்கிவிடுவார்கள். குருநகரில் செல் விழுந்த ஒருநாள் அறிவித்தலே தேவைப்படவில்லை. கடலுக்குப் போய் வந்தவர்கள் இடுப்பில் ஈரச் சாரத்தோடு, மீன் வெடில் மணக்க, வாசலில் நின்றார்கள். "போதும், நாளைக்கு வாருங்கோ" என்று நாங்கள் கெஞ்சியும் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் மறுமொழி இல்லாத ஒருவர் வந்தால்?

வந்தாள்.

விடிந்து கொஞ்ச நேரம். தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போன லான்மாஸ்ரர், அதுதான் இரண்டு சக்கரச் சின்ன உழவு மெசின், பெட்டியோடு குடைசாய்ந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, கைமுறிவு. ஒருத்தி மட்டும் பெட்டிக்குக் கீழே அகப்பட்டுவிட்டாள். இடுப்பும் தொடையும் நசிந்து, இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் மாரியாயி. மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண். எண்பத்து மூன்றில் தாய் தகப்பனோடு ஓடி வந்து, அவர்களும் செத்து, கூலிக்குத் தோட்டம் கொத்திச் சீவிக்கிறவள். இருபத்தைந்து வயதும் இருக்காது. வீட்டில் ஒரு கைக்குழந்தை.

டொக்டர் ஓட்டில் பார்த்தார். ஓ நெகட்டிவ். எங்கள் சனத்தில் இது பெரிய கூட்டத்தில் ஒருவர் இருவரிடம்தான் இருக்கும். ஓ பொசிட்டிவைச் சேர்த்துப் பார்த்தோம். கைப்பிடி சுழற்றுகிற சின்ன மெசினில் குழாயை வைத்து நான் சுழற்ற, அவர் எடுத்து வெளிச்சத்தில் தட்டினார். அடியில் கட்டியாய் நின்றது, கலையவில்லை. பொசிட்டிவ் பிள்ளையைச் சுமந்த நெகட்டிவ் உடம்பு, பொசிட்டிவ் இரத்தத்தை ஏற்காது. கொடுத்தால் அதுவே கொன்றுவிடும்.

"சேர்ஜன் காயத்தைக் கட்டி வைச்சிருக்கிறார். சேலைன் ஓடுது. மத்தியானம் வரைக்கும் இழுக்கலாம்" என்றார் டொக்டர். பிறகு என்னைப் பார்த்து, "நாலைஞ்சு பேர் வந்து காணாது. ஒரு ஊர் வேணும்" என்றார்.

தம்பிராசா அண்ணை பட்டினமெங்கும் ஓடினார். விபத்தில் காயப்பட்ட ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு இரத்தம் தேவை என்று தொண்டை கிழியக் கத்தினார். வந்தவர்களைக் கையில் எண்ணலாம். ஒரு வயோதிபர், எடுக்க முடியாது. மற்றவர்களுடைய குறூப் சேரவில்லை. கடைசியாக நல்ல உடுப்போடு ஒருவர் வந்தார். சேர்ட் கையை மடித்துக்கொண்டே, "ஆற்றை பிள்ளை மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"இஞ்சத்தை ஆளில்லை. மலையகப் பக்கம். அகதியாய் வந்தவை" என்றேன்.

"ஓ, தோட்டக்காட்டு ஆக்களோ? ஐயோ பாவம்" என்றார். உண்மையாகவே பாவம் என்றுதான் சொன்னார், முகத்தில் தெரிந்தது. ஆனால் மடித்த கையை இறக்கிவிட்டு, "எனக்குக் கந்தோருக்கு நேரமாச்சு. பின்னேரம் பாப்பம்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே போய்ப் பொரிந்து தள்ளினேன். "உவங்களெல்லாம் மனுசரோ டொக்டர்! ஆற்றை பிள்ளை எண்டு தெரிஞ்சால்தான் இரத்தம் ஊறுமோ?"

டொக்டர் ஓட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நேற்று ரேடியோவிலை ஒரு தூர நாட்டிலை பூமி அதிர்ந்து கன சனம் செத்ததெண்டு சொன்னவை. நீர் கேட்டனீரோ?"

"ஓம்."

"அப்ப என்ன செய்துகொண்டிருந்தனீர்?"

நான் யோசித்தேன். "புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன் டொக்டர்."

"நிப்பாட்டினீரோ?"

"இல்லை."

"நானும் நிப்பாட்டேல்லை. என்ரை மதில் மூலைக்கு நடுங்கின கை அதுக்கு நடுங்கேல்லை. அந்த மனுசன் கெட்டவனில்லை. அவனுக்கு அவளைக் கண்ணுக்குள்ளை கொண்டுவர ஏலாமல் கிடக்கு. கோபப்படுறதை விட்டிட்டு, ஆர் அவளைக் கண்டிருக்கினம் எண்டு பாரும்."

நான் நோயாளர் விடுதிக்கு ஓடினேன். மாரியாயியோடு வந்த ராக்கம்மா என்ற பெண், முறிந்த கையைக் கட்டிக்கொண்டு வாங்கில் இருந்தாள். "நீங்கள் எங்கை வேலை செய்யிறனீங்கள்?" என்றேன்.

"ஏழாலைப் பக்கங்க மிஸ்ஸி. வெங்காயம் நடுறது, புல்லுப் புடுங்குறது. எல்லாத் தோட்டத்துலயும் கூப்புடுவாங்க. இந்தப் புள்ள பாடிக்கிட்டே நடும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேப்பாங்க. ரோட்டுல போறவங்க சைக்கிள நிப்பாட்டிக் கேட்டுட்டுப் போவாங்க."

அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை. வாசலில் தம்பிராசா அண்ணை காருக்குப் பக்கத்தில் சோர்ந்துபோய் நின்றார். "அண்ணை, ஏறுங்கோ! ஏழாலைக்கு விடுங்கோ!" என்று கத்தினேன்.

"ஏழாலைக்கோ? மண்ணெண்ணெய் காணுமோ தெரியாது பிள்ளை."

"காணாட்டில் தள்ளுவம்!"

பெற்றோல் தடை செய்யப்பட்ட காலம். போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வேண்டும். அன்றைக்கு அந்தக் கார் ஒரு தரத்தில் கிளம்பியது. பின்னால் புகை மண்டலம். குண்டு குழியெல்லாம் பாய்ந்து, நான் கதவைப் பிடித்தபடி பறந்தேன். தாதித் தொப்பி எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

ஏழாலைச் சிவந்த மண் தெரிந்ததும் தம்பிராசா அண்ணை மைக்கை எடுத்துத் தொண்டையைச் செருமினார். பிறகு என்னைப் பார்த்து முழித்தார். "பிறப்பிடம் வதிவிடம் என்னெண்டு சொல்லுறது பிள்ளை?"

நான் மைக்கைப் பறித்துவிட்டேன். "சனங்களே! உங்கடை தோட்டத்திலை பாட்டுப் படிச்சுப் படிச்சு வெங்காயம் நடுற பிள்ளை லான்மாஸ்ரர் பிரண்டு ஆஸ்பத்திரியிலை கிடக்கிறாள்! நீங்கள் வேலிக்கு இஞ்சாலை நிண்டு கேட்டனீங்களெல்லோ, அந்தப் பிள்ளை! அவளின்ரை இரத்தம் லேசிலை கிடைக்காத இரத்தம். மத்தியானத்துக்குள்ளை கிடைக்காட்டில் செத்துப்போவாள். கெதியாய் வாருங்கோ!"

என் குரல் ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் படலைகள் திறந்தன. "ஆர், அந்தப் பாட்டுக்காரப் பெட்டையோ?" என்று ஒரு குரல். "நேற்றும் எங்கடை காணிக்குள்ளை நிண்டவளெல்லோ!" என்று இன்னொன்று. பெயர் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவளைத் தெரியும்!

ஒரு தோட்டத்திலிருந்து மண்வெட்டியும் கையுமாய் ஒரு மனுசி வந்தாள். உயரமான, வாட்டசாட்டமான ஆள். பாக்கியம் என்று பெயர். அந்தப் பெயரைப் பக்கத்துக் காணிக்காரிதான் சொன்னாள். பாக்கியம் "உவளோ? பாடிப் பாடி என்ரை வேலையை மினக்கெடுத்துறவளோ?" என்று அதட்டினாள். சரி, இவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். அவள் மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, "இஞ்சருங்கோ, சைக்கிளை எடுங்கோ!" என்று புருசனுக்குச் சத்தம் வைத்தாள்.

நாங்கள் முன்னால் புகை விட்டுக்கொண்டு போக, பின்னால் சைக்கிள்கள். முன்பாரில் ஒருவர், கரியரில் ஒருவர், மண்கால், மடித்துக்கட்டின சாரம். நான் பின்கண்ணாடியால் பார்த்துப் பார்த்துக் குழந்தை மாதிரிக் கையடித்தேன். தம்பிராசா அண்ணை அழுதுகொண்டே ஓட்டினார்.

பிறகு எங்கள் அறை பட்ட பாடு! நான் விரலில் குத்தி எடுத்துக் கொடுக்க, டொக்டர் ஓட்டில் கலக்கினார். பி, ஓ பொசிட்டிவ், ஏ, திரும்ப ஓ பொசிட்டிவ். ஓட்டைக் கழுவ நேரமில்லாமல் முதன்முறையாக அதை என்னிடம் தந்து கழுவச் சொன்னார். லைன் குறைந்துகொண்டு வந்தது. அப்போது பாக்கியத்தின் துளி. டொக்டர் ஓட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். ஒரு பக்கமும் திரளவில்லை. அடுத்த மருந்தை விட்டார், அதிலும் இல்லை. "ஓ நெகட்டிவ்" என்றார், காதில் விழாத அளவுக்கு மெதுவாக.

இன்னும் ஒரு சோதனை இருந்தது. நீலத் துத்தக் கரைசலில் பாக்கியத்தின் இரத்தத்தில் ஒரு துளி விட வேண்டும். தாழ்ந்தால் இரத்தம் பலமானது, எடுக்கலாம். மிதந்தால் அவளுக்கே காணாது. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் பெண்களில் பாதிப்பேருடைய துளி மிதக்கும். துளி நடுவில் நின்றது. ஆடியது. பிறகு நேரே அடியில் போய் இருந்தது. "தாழ்ந்திட்டுது!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள்.

லைனின் கடைசியில் நின்ற ஒரு பாடசாலை வாத்தியாருடையதும் சேர்ந்தது. இரண்டு பைகளும் கைச்சூட்டோடு சத்திரசிகிச்சைக்குப் போயின. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது சேர்ஜன் வெளியே வந்து டொக்டரிடம் தலையை ஆட்டினார். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அழ அழச் சிரிப்பும் வந்தது.

சுகந்தி, உன்னுடைய சனத்துக்கு மனச்சாட்சி சாகவில்லை. மண்சரிவு என்று எழுதினால் அவர்களுக்கு மண்தான் தெரியும். அதற்குள் ஒரு மனுசி இருக்கிறாள். அன்று காலையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாரிடமாவது கேட்டு அதை எழுதிப் போடு. இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. பாடத் தெரியாத ராக்கம்மா அந்தப் பெட்டிக்குக் கீழே அகப்பட்டிருந்தால் நான் மைக்கில் என்ன சொல்லியிருப்பேன்? அது என்னை உறுத்துகிறது. உன்னையும் உறுத்தட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மாரியாயி கண் திறந்து, கதைக்கிற அளவுக்கு வந்த நாள் நான் விடுதிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பாக்கியம் ஆட்டுக்கால் சூப்பை வைத்துக்கொண்டு, "குடி, குடி" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மாரியாயி என்னைக் கூப்பிட்டாள்.

"எந்த ஊர்க்காரங்க மிஸ்ஸி எனக்கு ரத்தம் குடுத்தது?"

"ஏழாலை ஆக்கள்" என்றேன்.

அவள் சூப்பைக் கையால் விலக்கினாள். "இங்க எல்லாரும் எந்த ஊர்னு கேப்பாங்க. பொறந்த ஊரச் சொன்னா யாருக்கும் தெரியாது. இனிமே கேட்டா ஏழாலைன்னு சொல்லலாமா மிஸ்ஸி?"

பாக்கியம்தான் சூப்புக் கோப்பையை அவளுடைய வாய்க்குக் கொண்டுபோனபடி சொன்னாள்.

"சொல்லன். ஆற்றை பிள்ளை எண்டு கேட்டால் என்ரை பேரைச் சொல்லு. ஆனால் வேலை நேரத்திலை பாடினால் ஏசுவன்."